குளிர்பதனப் பெட்டிப் பனிக்கட்டி ஆக்கி

குளிர்பதனப் பெட்டிப் பனிக்கட்டி ஆக்கி என்பது, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைவிப்பானுள் பொருத்தப்பட்டு, நீரைத் தானே நிரப்பி, உறையச் செய்து, உருவான கட்டிகளைத் தொட்டியில் தள்ளும் ஒரு சிறு பொறியமைப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது ஐஸ் மேக்கர் எனவும், உறைவிப்பான் ஃப்ரீசர் எனவும் வழங்கப்படுகின்றன. ஆக்கி இயங்குவதற்கு நான்கு தேவைகள் உள்ளன. அவை போதிய குளிர், போதிய அழுத்தமுள்ள நீர், மின்சாரம், பழுதற்ற இயக்க உறுப்புகள் என்பனவாகும். இவற்றுள் முதல் மூன்றும் ஆக்கிக்கு வெளியே இருந்து வருபவை. எனவே, பனிக்கட்டி உருவாகாத போது உடனே ஆக்கியை மாற்றாமல், முதலில் வெளிக் காரணங்களை வரிசையாக ஆராய்வதே சரியான முறையாகும்.

தமிழ்நாட்டின் வடகிழக்கில் உள்ள திருவள்ளூர் மாவட்டத்தில், குறிப்பாக மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி ஆகிய கரையோர, தொழிற்பேட்டைப் பகுதிகளில், நீரின் உப்புத்தன்மை, குறைந்த நீரழுத்தம், மிகுந்த வெப்பம் ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்படுகின்றன. ஆகையால் பனிக்கட்டி ஆக்கியின் பழுதுகளைப் புரிந்துகொள்ள இப்பகுதி நல்ல எடுத்துக்காட்டாக அமைகின்றது.

வரலாறு

சென்னைப் பகுதிக்குப் பனிக்கட்டி முதலில் கடல் வழியாகவே பெருமளவில் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டி எடுத்த பனிக்கட்டியை 1833 இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். பின்னர் சென்னைக் கடற்கரையில் 1842 இல் கட்டப்பட்ட கிடங்கில் இப்பனிக்கட்டி சேமிக்கப்பட்டது. ஐஸ் ஹவுஸ் என்று அழைக்கப்பட்ட அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லமாக உள்ளது. நீராவிப் பொறிகளால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யும் முறை பரவியதும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வணிகம் மறைந்தது.

செயற்கையாகப் பனிக்கட்டி செய்யும் பொறிக்கான காப்புரிமையை அமெரிக்க மருத்துவர் ஜான் கோரி 1851 இல் பெற்றார். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் தானியங்கிப் பனிக்கட்டி ஆக்கியை 1953 அளவில் அமெரிக்காவின் சர்வெல் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் செய்யப்பட்ட முதற் குளிர்பதனப் பெட்டியைக் கோத்ரெஜ் நிறுவனம் 1958 இல் வெளியிட்டது. அக்காலம் தொட்டு இந்திய வீடுகளில் பனிக்கட்டித் தட்டே பெருவழக்காக இருந்து வந்துள்ளது. இரு கதவுகள் பக்கவாட்டில் அமைந்த பெரிய பெட்டிகள் விற்பனைக்கு வந்த பின்னரே தானியங்கி ஆக்கிகள் இங்கு பரவலாயின.

வகைகள்

வீடுகளில் காணப்படும் அமைப்புகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

1. கைத்தட்டு: பயனர் நீரை ஊற்றி, உறைந்த பின் தட்டை முறுக்கிக் கட்டிகளை எடுப்பது. சில பெட்டிகளில் தட்டை முறுக்குவதற்குக் கைப்பிடி அமைந்திருக்கும். இதில் மின் உறுப்பு எதுவும் இல்லை.
2. தொட்டி நிரப்பு வகை: குளிர்பதன அறையில் உள்ள சிறு தொட்டியில் பயனர் நீரை நிரப்ப வேண்டும். சிறு எக்கி ஒன்று அந்நீரை ஆக்கிக்கு அனுப்பும். இதற்குக் குழாய் இணைப்புத் தேவையில்லை.
3. குழாய் இணைப்பு வகை: வீட்டு நீர்க்குழாயிலிருந்து மின்காந்த வால்வு வழியாக நீர் தானே நிரம்பும்.

கட்டியை வெளியேற்றும் முறையிலும் இரு வகைகள் உள்ளன. பிறை வடிவ உலோக அச்சு வகையில், அச்சு சிறிது சூடாக்கப்பட்டு, சுழலும் விரல்களால் கட்டிகள் தள்ளப்படுகின்றன. முறுக்குத் தட்டு வகையில், நெகிழித் தட்டு மின்னோடியால் தலைகீழாகத் திருப்பி முறுக்கப்படுகின்றது. கொரிய நிறுவனங்களின் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டாம் வகையைக் காணலாம்.

செயற்படும் முறை

உலோக அச்சு வகையின் ஒரு சுற்று பின்வருமாறு நிகழ்கின்றது. மின்காந்த வால்வு ஏறத்தாழ 7 நொடிகள் திறந்து, 100 முதல் 140 மில்லிலீட்டர் வரையான நீரை அச்சில் விடுகின்றது. நீர் உறைந்து, அச்சின் வெப்பநிலை ஏறத்தாழ −9° முதல் −12° செல்சியசு வரை இறங்கியதும், தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி சுற்றை இணைக்கின்றது. உடனே அச்சின் அடியில் உள்ள சூடேற்றி இயங்கிக் கட்டியின் வெளிப்புறத்தைச் சற்றே இளக்குகின்றது. மின்னோடி சுழற்றும் விரல்கள் கட்டிகளைத் தொட்டியில் தள்ளுகின்றன. சுழற்சியின் முடிவில் வால்வு மீண்டும் திறக்கின்றது.

முறுக்குத் தட்டு வகையில், தட்டின் அடியில் உள்ள தெர்மிஸ்டர் எனப்படும் வெப்பத் தடையம் வெப்பநிலையை மின்சுற்றுப் பலகைக்கு அறிவிக்கின்றது. பலகையே மின்னோடியையும் வால்வையும் இயக்குகின்றது.

இரு வகையிலும், தொட்டி நிறைந்துள்ளதா என அறிய ஓர் உணர்கம்பி உண்டு. சில பெட்டிகளில் இதற்கு அகச்சிவப்பு உணரி பயன்படுகின்றது. கம்பி மேலே நின்றுவிட்டால், தொட்டி நிறைந்துவிட்டதாகக் கருதி ஆக்கி நின்றுவிடும்.

இச்சுற்றிலிருந்து ஒரு முக்கிய உண்மை விளங்கும். உறைவிப்பானின் வெப்பநிலை போதிய அளவு இறங்காவிட்டால், ஆக்கியின் எல்லா உறுப்புகளும் நல்ல நிலையில் இருந்தாலும், கட்டி வெளியேறுவதற்கான கட்டளை பிறவாது. நீர் உறைந்து தட்டிலேயே கிடக்கும். பயனர் இதை மின்னோடிப் பழுது எனத் தவறாகக் கருதக்கூடும்.

வெப்பக் கணக்கு

1 கிலோகிராம் நீரைப் பனிக்கட்டியாக்க நீக்க வேண்டிய வெப்பம் மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவது, நீரை 0° வரை குளிர்விப்பது. இதற்கு ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆகும். இரண்டாவது, 0° இல் உறையச் செய்வது. இதற்கு 334 கிலோஜூல் ஆகும். மூன்றாவது, பனிக்கட்டியை −18° வரை குளிர்விப்பது. இதற்கு ஏறத்தாழ 38 கிலோஜூல் ஆகும்.

இதன்படி 10° நீருக்கு 414 கிலோஜூலும், 30° நீருக்கு 498 கிலோஜூலும், 40° நீருக்கு 540 கிலோஜூலும் தேவைப்படும். வட சென்னைக் கரையோரத்தில் மே மாத வெயிலில் மொட்டைமாடித் தொட்டி நீர் கையில் சுடும் அளவுக்குச் சூடாவது வழக்கம். நீர் 40° ஐ எட்டினால், குளிர்நாட்டுக் குழாய் நீரை உறைய வைப்பதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுதியான வெப்பத்தைப் பெட்டி நீக்க வேண்டும். எனவே குறிப்பேட்டில் நாளொன்றுக்கு இத்தனை கிலோ எனக் குறித்த அளவைக் கோடையில் எதிர்பார்த்தல் கூடாது. கோடையில் உற்பத்தி குறைவது மட்டுமே பழுதுக்கான அறிகுறி ஆகாது.

நீரழுத்தக் கணக்கு

குழாய் இணைப்பு வகைப் பெட்டிகள் பலவற்றுக்குக் குறைந்தது ஏறத்தாழ 1.4 பார் நீரழுத்தம் வேண்டும் எனத் தயாரிப்பாளர் குறிப்பிடுகின்றனர். அமெரிக்க அலகில் இது சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு ஆகும். நீர்த்தொட்டியின் உயரத்தால் கிடைக்கும் அழுத்தம் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 பார் ஆகும். ஆகவே 1.4 பார் பெற, தொட்டியின் நீர்மட்டம் வால்வைவிட 14 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்.

ஒரு மாடியுமற்ற தனி வீட்டில், மொட்டைமாடித் தொட்டி வால்வுக்கு மேல் 3 அல்லது 4 மீட்டர் உயரத்திலேயே இருக்கும். கிடைக்கும் அழுத்தம் 0.3 அல்லது 0.4 பார் மட்டுமே. ஐந்து தள அடுக்குமாடிக் கட்டடத்தில் தரைத்தள வீட்டில் போதிய அழுத்தம் கிடைக்கலாம். அதே கட்டடத்தின் மேல்தள வீட்டில் அதே பெட்டி இயங்காமல் போகலாம்.

குறைந்த அழுத்தத்தால் இரு கேடுகள் விளைகின்றன. ஒன்று, குறித்த நொடிகளில் அச்சு நிரம்பாமல், கட்டிகள் சிறிதாகவோ மெலிதாகவோ உருவாகும். மற்றொன்று, வெளிப்படையாகத் தெரியாதது. இவ்வகை வால்வின் மென்தகடு நீரின் அழுத்தத்தாலேயே இறுக மூடிக்கொள்கின்றது. அழுத்தம் குறைந்தால் அது முழுதும் மூடாமல் சொட்டுச் சொட்டாகக் கசியும். அச்சொட்டுகள் நிரப்புக் குழாயின் முனையில் உறைந்து, குழாயை அடைத்துவிடும். அதன் பின்னர் நீர் சிறிதும் வராது. இவ்வாறு வீட்டு நீர்த்தொட்டியின் உயரமே, சில வாரங்கள் கழித்து ஆக்கியின் பழுதாகத் தோன்றுகின்றது. அடைப்பை மட்டும் நீக்கினால் சில நாட்களில் அது மீண்டும் தோன்றும். சிறிய அழுத்த எக்கி பொருத்துவதே நிலையான தீர்வாகும்.

திருவள்ளூர் மாவட்டச் சூழல்

திருவள்ளூர் மாவட்டம் 1997 இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆரணியாறும் கொற்றலையாறும் கடலைச் சேரும் இதன் கரையோரச் சமவெளியில், நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதால் கடல்நீர் உட்புகுந்தது. மீஞ்சூர்ப் பகுதியின் இந்நிகழ்வு இந்தியாவில் கடல்நீர் உட்புகுதலுக்குக் காட்டப்படும் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகும். மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் 2010 இல் நாளொன்றுக்கு 10 கோடி லீட்டர் திறன் கொண்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. இதன் நீர் சென்னைக் குடிநீர் வழங்கலுக்கு உரியது. ஆழ்துளைக் கிணற்றையே நம்பியுள்ள வீடுகளில் உவர்நீரும் கடினநீரும் தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளன.

உப்புநீர் உறையாது என்பதால்தான் பனிக்கட்டி உருவாகவில்லை எனச் சிலர் கருதுவர். இது சரியன்று. லீட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரே ஏறத்தாழ −1.9° இல் உறையத் தொடங்கும். லீட்டருக்கு 2 அல்லது 3 கிராம் உப்புள்ள கிணற்று நீரின் உறைநிலை 0° இலிருந்து மிகச் சிறிதே இறங்கும். எனவே −18° இல் அது உறைந்தே தீரும். உப்புநீரால் விளையும் உண்மையான கேடுகள் வேறு. வால்வின் வலைவடியில் சுண்ணப் படிவு சேரும். உலோக இணைப்புகள் அரிக்கும். வடிகட்டி விரைவில் அடைபடும். கட்டியின் நடுவில் உப்பு திரண்டு, கட்டி மென்மையாகவும் சுவை கெட்டும் இருக்கும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் நெறி, மொத்தக் கடினத்தன்மைக்கு லீட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வகுத்துள்ளது. இவ்வரம்பை ஒட்டிய நீர் குடிப்பதற்கு இசைவானதாயினும், வால்வின் சிறு துளைகளுக்கு இசைவானதன்று.

பல வீடுகளில் ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் கருவியின் நீரை ஆக்கிக்கு இணைக்கின்றனர். இது படிவுச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் அக்கருவியிலிருந்து வெளிவரும் நீரின் அழுத்தம் மிகக் குறைவு. அழுத்தக் கலனும் எக்கியும் இன்றி நேரே இணைத்தால் மேற்கூறிய கசிவுச் சிக்கல் தோன்றும்.

பழுதறியும் முறை

பின்வரும் வரிசை எளியதிலிருந்து கடினமானதை நோக்கி அமைந்துள்ளது. முதல் மூன்று படிகளுக்குக் கருவிகளோ பெட்டியைத் திறத்தலோ தேவையில்லை.

1. நிறுத்த நிலை. உணர்கம்பி கீழே உள்ளதா, ஆக்கியின் விசை இயங்கு நிலையில் உள்ளதா, கட்டுப்பாட்டுப் பலகத்தில் பூட்டு அல்லது ஆக்கி நிறுத்தம் தெரிவு செய்யப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். கம்பிக்குக் கீழ் ஒரு கட்டி சிக்கியிருந்தாலும், உறைந்த மீன் பொட்டலம் கம்பியைத் தூக்கி நிறுத்தினாலும் ஆக்கி நின்றுவிடும்.

2. வெப்பநிலை. வெப்பமானி ஒன்றை உறைந்த பொருட்களுக்கு இடையே ஓர் இரவு வைத்துப் படிக்க வேண்டும். −18° அளவில் இருத்தல் நன்று. −12° ஐவிட மேலாக இருப்பின், சிக்கல் ஆக்கியில் இல்லை, குளிரூட்டலில் உள்ளது. கதவு ரப்பர் தளர்வு, பின்புறச் சுருளில் தூசி, சுவரோடு ஒட்டி வைத்தல், உள்விசிறி நிற்றல், ஆவியாக்கிச் சுருளில் உறைபனி மூடுதல் ஆகியவை இதன் வழக்கமான காரணங்கள். கதவு ரப்பரைச் சோதிக்க, ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுக்கலாம். தாள் தடையின்றி வந்தால் அவ்விடத்தில் காற்று புகுகின்றது எனலாம்.

3. நீர்வரத்து. தொட்டி நிரப்பு வகையில் தொட்டி சரியாகப் பொருந்தியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். குழாய் வகையில், பெட்டிக்குப் பின்னுள்ள குழாய் மடங்கியுள்ளதா, மூடுகுழாய் முழுதும் திறந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். வடிகட்டியை ஆறு மாதங்களுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான பரிந்துரையாகும். கடினநீர் உள்ள இடங்களில் இதற்கு முன்னரே அது அடைபடலாம்.

4. நிரப்புக் குழாய். ஆக்கியின் பின்புறம் மேலிருந்து நீட்டியிருக்கும் சிறு குழாயின் வாயில் பனிக்கட்டி உள்ளதா என விளக்கொளியில் நோக்க வேண்டும். இருப்பின், அதுவே நீர் வராமைக்குக் காரணம். ஆனால் அது எவ்வாறு உருவாயிற்று என்பதையும் அறிய வேண்டும். அதற்கு வால்வை ஆராய வேண்டும்.

5. வால்வு. பல ஆக்கிகளில் சோதனைப் பொத்தான் உண்டு. அதை மூன்று நொடிகள் அளவில் அழுத்தினால் ஒரு சுற்று உடனே நிகழும். அப்போது வால்வில் ரீங்காரம் கேட்டும் நீர் வராவிடில், நீர்வரத்திலோ வலைவடியிலோ அடைப்பு உள்ளது. ரீங்காரமே கேட்காவிடில், வால்வுக்கு மின்சாரம் வரவில்லை அல்லது அதன் சுருள் அறுந்துள்ளது. பெட்டியின் மின்செருகியை நீக்கிய பின், மல்டிமீட்டரால் சுருளின் தடையை அளக்கலாம். எல்லையற்ற தடை காட்டினால் சுருள் அறுந்துள்ளது எனலாம்.

6. கசிவு. உருவான அடைப்பை நீக்கிய பின், நீர்க்குழாயைத் திறந்து வைத்து, மின்செருகியை மட்டும் நீக்கிச் சிறிது நேரம் கவனிக்க வேண்டும். மின்சாரம் இல்லாத போதும் தட்டில் நீர் சொட்டினால், வால்வு முழுதாக மூடவில்லை. படிவு, தேய்வு, குறைந்த அழுத்தம் ஆகியவற்றுள் ஒன்று காரணம். செருகியை நீக்கியதும் சொட்டுதல் நின்றுவிட்டால், வால்வு நல்ல நிலையில் உள்ளது. அதற்கு வேண்டாத நேரத்தில் மின்சாரம் அனுப்பும் பலகை அல்லது விசையே பழுதானது.

7. ஆக்கியின் உட்பகுதி. மேற்கூறியவை அனைத்தும் சரியாக இருந்து, கட்டி உறைந்தும் வெளியேறாத போதே மின்னோடி, சூடேற்றி, தெர்மோஸ்டாட் அல்லது தெர்மிஸ்டரை ஆராய வேண்டும். இவற்றின் தடை அளவுகள் பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புத் தாளில் உள்ள அளவுடன் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

அறிகுறிகளும் காரணங்களும்

தட்டு உலர்ந்திருத்தல்: நீர் வரவில்லை. மூடுகுழாய், வடிகட்டி, உறைந்த நிரப்புக் குழாய், வால்வு என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

தட்டில் நீர் உறையாதிருத்தல்: உறைவிப்பானில் குளிர் போதவில்லை, அல்லது வால்வு தொடர்ந்து கசிகின்றது.

கட்டி உறைந்தும் வெளியேறாமை: வெப்பநிலை போதிய அளவு இறங்கவில்லை, அல்லது உணரி, மின்னோடி, சூடேற்றி ஆகியவற்றுள் ஒன்று பழுது.

கட்டி சிறிதாக இருத்தல்: நீரழுத்தம் குறைவு, அல்லது வலைவடி பாதி அடைப்பு.

கட்டியின் உள்ளே நீரோ வெற்றிடமோ இருத்தல்: முழுதும் உறையும் முன்னரே வெளியேற்றப்படுகின்றது. உணரி தவறான அளவைக் காட்டுகின்றது.

கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருங்கட்டியாதல்: மின்தடை, கதவு அடிக்கடி திறத்தல், அளவுக்கு மீறி நீர் நிரம்புதல்.

தொட்டியில் நீர் சிந்துதல்: பெட்டி சமதளத்தில் இல்லை, அல்லது நிரப்புக் குழாய் இடம் பெயர்ந்துள்ளது.

கட்டியின் நடுவில் வெண்மை: இது பழுதன்று. வெளியிலிருந்து உள்நோக்கி உறையும்போது, நீரில் கரைந்த காற்றும் உப்பும் நடுவில் ஒதுக்கப்படுவதால் வெண்மை தோன்றுகின்றது. உருகிய பின் அடியில் தங்கும் வெண்துகள்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு ஆகும்.

பழுதுநீக்கல்

உறைந்த நிரப்புக் குழாயை இளக்குதல்: மின்செருகியை நீக்கி, நீர்க்குழாயை மூட வேண்டும். அடியில் துணி விரித்து, ஊசியில்லாச் சிரிஞ்சால் வெந்நீரைச் சிறிது சிறிதாகக் குழாயின் வாயில் பீய்ச்சினால் அடைப்பு இளகும். கத்தி, திருப்புளி போன்ற கூரிய பொருட்களால் குத்தக் கூடாது. அவை நெகிழிக் குழாயையோ சுவருக்குள் உள்ள குளிர்வளிமக் குழாயையோ துளைக்கக்கூடும்.

வால்வின் வலைவடியைத் துப்புரவு செய்தல்: மின்செருகியை நீக்கி, நீரை மூடி, வாளி வைத்துக் குழாயைக் கழற்ற வேண்டும். வால்வின் வாயிலுள்ள சிறு வலையைக் குறடால் மெல்ல வெளியே எடுத்து, எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலக் கரைசலிலோ வினிகரிலோ ஊறவைத்து மென்தூரிகையால் தேய்க்க வேண்டும். வலையை நீக்கிவிட்டு இயக்கக் கூடாது. மணல் உட்சென்றால் வால்வு மூடாமற் போகும். மீண்டும் பொருத்தும் முன், குழாயிலிருந்து சில லீட்டர் நீரை வாளியில் விட்டு அழுக்கைப் போக்குதல் நன்று.

உறுப்பு மாற்றுதல்: வால்வும் ஆக்கியும் தனி உறுப்புகளாகக் கிடைப்பவை. ஒரு சில திருகுகளையும் ஒரு மின்னிணைப்பையும் கழற்றி மாற்றத்தக்கவை. பெட்டியின் முழு மாதிரி எண்ணைக் கொண்டே வாங்க வேண்டும். வால்வுச் சுருளின் மின்னழுத்தம் 230 வோல்ட்டாகவோ 12 வோல்ட்டாகவோ இருக்கலாம். தோற்றத்தில் ஒத்திருப்பதால் மட்டும் பொருத்தக் கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியைத் திறக்கும் முன் அதன் நிபந்தனைகளைப் படித்தல் வேண்டும்.

எந்தப் பழுதுநீக்கலுக்குப் பின்னரும் ஒரு முழு நாள் காத்திருந்தே முடிவு காண வேண்டும். முதல் இரண்டு, மூன்று சுற்றுக் கட்டிகளை உண்ணாமல் நீக்கிவிட வேண்டும்.

மின்தடையும் வெள்ளமும்

திசம்பர் 2016 இல் வர்தா புயலும், திசம்பர் 2023 இல் மிக்சாம் புயலும் சென்னை, திருவள்ளூர்ப் பகுதிகளைத் தாக்கிய போது பல இடங்களில் நெடுநேரம் மின்சாரம் தடைபட்டது. இத்தகைய தடையில் தொட்டியிலுள்ள கட்டிகள் உருகி, மின்சாரம் வந்ததும் ஒரே பாளமாக உறைகின்றன. பின்னர் கட்டிகளைத் தள்ளும் திருகுச்சுருள் அப்பாளத்தில் சிக்கி, அதன் மின்னோடி கெடக்கூடும். ஆகவே நீண்ட மின்தடையின் போது தொட்டியைக் காலி செய்து, உணர்கம்பியை மேலே தூக்கி வைத்தல் நன்று. வெள்ளநீர் புகுந்த பெட்டியின் அமுக்கியும் மின்னிணைப்புகளும் அடிப்பகுதியில் இருப்பதால், தேர்ந்த பணியாளர் சோதிக்கும் முன் அதற்கு மின்சாரம் தரக் கூடாது.

பனிக்கட்டியின் தூய்மை

உறைதலால் நுண்ணுயிர்கள் அனைத்தும் அழிவதில்லை. தூய்மையற்ற நீரில் செய்த பனிக்கட்டி, அந்நீரைப் போன்றே நோய் பரப்பும். பழவேற்காடு, காசிமேடு போன்ற மீன்பிடி இடங்களில் மீனைக் காக்கப் பயன்படும் பாளப் பனிக்கட்டி உண்பதற்கு உரியதன்று. இரண்டும் தோற்றத்தில் ஒத்திருப்பதால், உண்ணத்தகாத பனிக்கட்டிக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 இல் நெறிப்படுத்தியது.

வீட்டு ஆக்கியிலும் பழைய வடிகட்டி, நெடுநாள் தேங்கிய தொட்டி நீர் ஆகியவற்றால் பனிக்கட்டி கெடும். மீன், கருவாடு ஆகியவற்றின் மணத்தையும் பனிக்கட்டி ஏற்கும். பல வாரங்கள் கிடந்த கட்டிகளை நீக்கி, தொட்டியை வெந்நீரில் கழுவுதல் போதுமான பராமரிப்பாகும்.

பாதுகாப்பு

ஆக்கியைத் தொடும் முன் மின்செருகியைச் சுவரிலிருந்து நீக்க வேண்டும். பெட்டியின் விசையை அணைப்பது மட்டும் போதாது. நீரும் 230 வோல்ட்டு மின்சாரமும் அருகருகே உள்ள கருவியாதலால், நிலத்தொடுப்புள்ள மூன்று துளைச் செருகியும், 30 மில்லியாம்பியர் கசிவு மின்னோட்டத் துண்டிப்பானும் வீட்டில் இருத்தல் வேண்டும்.

ஓசோன் படலத்தைச் சிதைக்கும் குளோரோபுளோரோகார்பன்கள் 1987 இன் மொண்ட்ரியால் நெறிமுறையின்படி கைவிடப்பட்ட பின், இன்றைய வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் குளிர்வளிமமாக உள்ளது. இது ஓசோனுக்குத் தீங்கற்றது, ஆனால் எரியக்கூடியது. காற்றில் ஏறத்தாழ 1.8 விழுக்காட்டுக்கு மேல் கலந்தால் தீப்பற்றும். ஆகவே உறைபனியை இளக்க மெழுகுவர்த்தி, ஊதுவிளக்கு முதலியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. குழாய் துளைபட்டுச் சீறும் ஒலி கேட்டால், அவ்வறையில் எந்த மின்விசையையும் இயக்காமலும், தீப்பொறி எழாமலும் சன்னல்களைத் திறந்து வெளியேற வேண்டும்.

குளிர்வளிமம் நிரப்புதல், அமுக்கியை மாற்றுதல், குழாய்களைப் பற்றவைத்தல் ஆகியவை பயிற்சியும் கருவிகளும் உடைய பணியாளர்க்கே உரியவை. வெப்பநிலை, நீரழுத்தம், வலைவடி, நிரப்புக் குழாய் ஆகிய நான்கையும் பயனரே சோதித்துக் குறித்து வைத்திருப்பின், வரும் பணியாளருக்கும் பழுது எங்குள்ளது என்பது விரைவில் புலப்படும். நல்ல நிலையில் உள்ள ஆக்கியை மாற்றும் வீண்செலவும் தவிர்க்கப்படும்.